ஓமந்தூராரும் எங்கள் தாத்தாவின் கணக்கு நோட்டும்

(உழவர் திருநாளை ஒட்டி நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் சமுதாயக் கூடத்தில் நடந்த கூட்டத்தில், நம் நகரில் வசிக்கும் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)

அரை மணிக்கு மேல் போனால் பொங்கல் ஆறிவிடும் என்று பொருளாளர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். பார்த்துக்கொள்கிறேன்.

வருஷா வருஷம் கோலப் போட்டி, உறியடி, மியூசிக்கல் சேர் என்று நடத்துகிறோம். இந்த வருஷம் நம் பக்கத்து விவசாயி ஒருவரைப் பற்றியும் யாராவது பேசலாமே என்று மகளிர் குழுவில் பேச்சு வந்தது. நான் ஓமந்தூராரைச் சொன்னேன். உடனே மூன்றாவது குறுக்குத் தெருப் பையன் ஒருவன், "அது மெட்ராஸ்ல இருக்கிற ஆஸ்பத்திரி பேருதானே டீச்சர்?" என்றான். அவன் மேல் தப்பில்லை. அண்ணா சாலையில் 2010இல் புதுச் சட்டமன்றமாகத் திறந்து, 2014இல் ஆஸ்பத்திரியாக மாற்றிய கட்டடம் இருக்கும் இடத்துக்கு ஓமந்தூரார் அரசினர் தோட்டம் என்று பெயர். நம்மில் பாதிப் பேர் அங்கே வைத்தியத்துக்குப் போயிருக்கிறோம். அந்தப் பெயருக்குரியவர் நம் திண்டிவனத்துக்காரர், ஒரு விவசாயி என்பதுதான் மறந்துபோயிற்று.

ஓ.பி.ராமசாமி ரெட்டியார் 1895 பிப்ரவரி 1 அன்று பிறந்தார். ஊர் ஓமந்தூர், திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி போகும் வழியில் இருக்கிறது. திண்டிவனம் வால்டர் ஸ்கடர் பள்ளியில் படித்தார். விவசாயக் குடும்பம், அவரும் விவசாயம்தான். காங்கிரஸில் சேர்ந்து சிறைக்குப் போனார். 1947 மார்ச்சில் சென்னை மாகாணத்தின் பிரதமர் ஆனார். அப்போது மாகாண முதல்வரைப் பிரதமர் என்றுதான் சொல்வார்கள். இன்றைய தமிழ்நாடு மட்டுமல்ல, கடலோர ஆந்திரா, ராயலசீமா, மலபார், தென் கன்னடம் எல்லாம் சேர்ந்த பெரிய மாகாணம் அது. 1947 ஆகஸ்ட் 15 அன்று கோட்டையில் நம் கொடி ஏறியபோது அந்த நாற்காலியில் இருந்தவர் நம் ஊர்ப்பக்கத்து ரயத்து ஒருவர்.

எங்கள் தாத்தாவும் ஏறக்குறைய அவர் வயதுதான். அவருக்கும் திண்டிவனம் தாலுகாதான். அவரும் விவசாயிதான். ஆனால் நாலு காணிப் புன்செய், ஏரிப் பாசனத்தில் ஒரு காணி நன்செய், ஒரு கிணறு, அவ்வளவுதான் சொத்து. ஓமந்தூராரோடு அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. திண்டிவனத்தில் ஒரு கூட்டத்தில் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. ஆனாலும் ஓமந்தூராரைப் பற்றிப் பேச உட்கார்ந்தால் எனக்குத் தாத்தா ஞாபகம்தான் வருகிறது. அதற்குக் காரணம் அவர் விட்டுப்போன கணக்கு நோட்டு. கொண்டுவந்திருக்கிறேன். பழுப்பேறி ஓரம் உதிர்கிறது, தயவுசெய்து பிள்ளைகள் தொட வேண்டாம்.

முதலில் அந்தக் காலத்து விவசாயம் எப்படி என்று சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்துக்கு அன்றைக்கு உயிர்நாடி மல்லாட்டை. மணிலாக்கொட்டை என்பதுதான் நம் வாயில் மல்லாக்கொட்டையாகி, மல்லாட்டையாகி நின்றது. வேர்க்கடலை என்று சொன்னால் என் ஆயாவுக்கு, அதாவது அப்பாவின் அம்மாவுக்கு, சிரிப்பு வரும். தென்னாற்காடு மாவட்டத்து மல்லாட்டை புதுச்சேரித் துறைமுகம் வழியாகப் பிரான்சில் மார்செய் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்குப் போனது. விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு 1879இலேயே ரயில் ஓடியது. அந்த நாட்டுக்காரன் சோப்புப் போட்டுக் குளிக்க நம் செம்மண்ணில் செடி பிடுங்கினார்கள். விலையை முடிவு செய்தவன் எந்த ஊரில் இருந்தான் என்றே தாத்தாவுக்குத் தெரியாது.

விதை விஷயத்தில் மட்டும் நாம் கொஞ்சம் பெருமைப்படலாம். டி.எம்.வி. 2 என்ற கடலை ரகம் 1940இல் வெளியானது. அந்த டி.எம்.வி. நம் திண்டிவனம்தான், ஆராய்ச்சி நிலையத்தின் பெயர். அதற்கு முன் இருந்தது தரையெல்லாம் படரும் ரகம். நாலரை மாதம் ஆகும், அறுவடையில் மண்ணையே சலிக்க வேண்டும். இது கொத்து ரகம். மூன்றரை மாதத்தில் பிடுங்கினால் காய் வேரோடு கூட வரும். ஆந்திராவிலும் கர்நாடகத்திலும் எத்தனையோ வருஷம் இந்த ரகத்தை விதைத்தார்கள். நம் ஊர்ப் பெயரைச் சொல்கிறோம் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்காது.

தாத்தா நோட்டின் முதல் பாதி முழுக்கக் கிணற்றுக் கதை. கவலை கட்டி இறைக்கிற கிணறு. இரண்டு மாடு, ஒரு தோல் சால். மாடு சரிவில் இறங்கினால் தண்ணீர் மேலே வரும். 1928இல் கிணறு வற்றியது. வெட்டி ஆழப்படுத்த ஒரு லேவாதேவிக்காரரிடம் 600 ரூபாய், நூற்றுக்குப் பன்னிரண்டு வட்டி, புரோநோட்டு எழுதிக் கொடுத்து வாங்கினார். வருஷத்துக்கு 72 ரூபாய் வட்டி. மல்லாட்டை விற்கிற விலையில் சமாளித்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறார், பென்சிலில் அந்தக் கூட்டல் கழித்தலும் இருக்கிறது. அடுத்த வருஷமே உலகம் முழுக்கப் பொருளாதாரம் சரிந்தது. அமெரிக்காவில் பங்குச் சந்தை விழுந்தால் திண்டிவனம் மண்டியில் மூட்டை விலை விழுமா? விழுந்தது. கொஞ்சநஞ்சமல்ல. நோட்டில் 1931க்குப் பிறகு மூன்று பக்கம் எழுத்தே இல்லை, வெறும் தேதிகள்தான். எழுத ஒன்றும் இல்லை போலிருக்கிறது. ஆயாவின் மூக்குத்தி போன வருஷம் அது.

1937 வரை 300 ரூபாய் வட்டி கட்டியிருக்கிறார். 348 ரூபாய் வட்டி பாக்கி. அசல் 600 அப்படியே நிற்கிறது. நிலம் போய்விடும் என்று எல்லோரும் முடிவுக்கு வந்துவிட்டார்கள்.

அப்போதுதான் ராஜாஜி மந்திரிசபை 1938இல் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவந்தது. 1932 அக்டோபர் 1க்கு முன் வாங்கிய கடனாக இருந்தால், 1937 அக்டோபர் 1 அன்று நிலுவையில் இருந்த வட்டி முழுக்கத் தள்ளுபடி. அசலைக் கட்டினால் போதும். தாத்தாவின் 348 ரூபாய் ஒரே நாளில் காணாமல் போயிற்று. நோட்டில் அந்தத் தொகையின் மேல் சிவப்பு மையில் குறுக்குக் கோடு. அந்த ஒரு இடத்தில்தான் சிவப்பு மை. யாரிடமோ கேட்டு வாங்கி அடித்திருக்கிறார். இன்றைக்கும் நம் குடும்பத்தில் எவனாவது காங்கிரஸைத் திட்டினால் என் பெரியப்பா மகன் இந்தக் கோட்டைத்தான் காட்டுவார்.

இதுவரை கேட்டால் நல்ல கதைதான். போன வருஷம் வரை நானும் இவ்வளவுதான் சொல்வேன்.

அதே பக்கத்தின் வலது பாதியில் இன்னொரு கணக்கு இருக்கிறது. எங்கள் வீட்டில் வேலை செய்த படியாளின் கணக்கு. அவர் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை, அவருடைய பேரன் கேட்டுக்கொண்டபடி. 1926இல் கல்யாணச் செலவுக்கு 40 ரூபாய் வாங்கியிருக்கிறார். பிறகு வைத்தியத்துக்கு 5, அவர் அம்மா இறந்தபோது 8. மொத்தம் 53. வட்டி கிடையாது. வட்டிக்குப் பதிலாக அவரே இருந்தார். கவலை ஓட்டியது, ஏர் பிடித்தது, மல்லாட்டை பிடுங்கியது எல்லாம் அவரும் அவர் மனைவியும்தான். கூலி தானியமாக, மரக்கால் கணக்கில். வேறு வீட்டுக்கு வேலைக்குப் போக வேண்டுமென்றால் 53 ரூபாயை வைத்துவிட்டுப் போக வேண்டும். எங்கிருந்து வைப்பது?

இது எங்கள் வீட்டில் மட்டும் நடந்ததல்ல. சென்னைப் பல்கலைக்கழகத்தில் கில்பர்ட் ஸ்லேட்டர் என்று ஒரு பொருளாதாரப் பேராசிரியர் இருந்தார். 1916இல் தன் மாணவர்களை அவரவர் கிராமத்துக்கு அனுப்பி வீடு வீடாகக் கணக்கெடுக்கச் சொன்னார். அப்படி எடுத்த கிராமங்களில் ஒன்று நம் மாவட்டத்து இருவேல்பட்டு. 2024 டிசம்பர் வெள்ளத்தில் செய்திகளில் அடிபட்டதே, அதே ஊர்தான். 1918இல் புத்தகமாக வந்த அந்த அறிக்கையில் படியாள் முறை பற்றி எழுதியிருக்கிறது. கல்யாணத்துக்கு வாங்கிய கடன் திரும்பாது, அப்பனிடமிருந்து மகனுக்கு வரும், நிலம் கை மாறினால் ஆளும் கூடவே மாறுவார் என்று. 1930களில் மறுபடி எடுத்தார்கள், 1981இல், 2008இல் என்று அதே ஊருக்குத் திரும்பத் திரும்பப் போயிருக்கிறார்கள். ஒரு கிராமத்தை இத்தனை தடவை படித்தது இந்தியாவில் அபூர்வம். நம் மாவட்டத்தில் அதைப் படித்தவர்கள் எத்தனை பேர் என்று நான் கேட்கப்போவதில்லை, நானே ஓய்வுபெற்ற பிறகுதான் படித்தேன்.

படித்த பிறகுதான் நோட்டின் வலது பாதியைப் பார்த்தேன். 1938. இடது பக்கத்தில் 348 அடிபட்டிருக்கிறது. வலது பக்கத்தில் அதே வருஷம், அதே கையெழுத்தில், "பாக்கி 53".

சட்டம் ஏன் அவரைத் தொடவில்லை? தேடிப் பார்த்தேன். அந்தச் சட்டத்தில் விவசாயி யார் என்று ஒரு விளக்கம் இருக்கிறது. விவசாய நிலத்தில் விற்கத்தக்க பாத்தியதை உள்ளவர், அல்லது குத்தகைதாரர் மாதிரி ஏதோ ஓர் உரிமையோடு நிலத்தை வைத்திருப்பவர். படியாளுக்கு ஒரு குழி நிலமும் இல்லை. ஏர் பிடித்தவர் சட்டப்படி விவசாயி இல்லை. ஏர் பிடிக்கச் சொன்னவர் விவசாயி. தாத்தா கெட்டவர் இல்லை. என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு மயிலம் தேர் காட்டியவர். தன் வட்டி தள்ளுபடியான சந்தோஷத்தில் ஊருக்கே பானகம் கொடுத்தாராம். வலது பக்கத்தையும் அடித்திருக்கலாமே என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

1944இல் படியாள் இறந்துபோனார். நோட்டில், "மகன் பேரில் 53". அவ்வளவுதான்.

இப்போது ஓமந்தூராருக்கு வருகிறேன். 1947இல் அவர் பிரதமர் ஆன செய்தி வந்ததும் தாத்தா பத்திரிகையிலிருந்து படத்தை வெட்டிக் கூடத்தில் மாட்டினாராம். நம்மவர், மல்லாட்டை விலை தெரிந்தவர், கோட்டையில் உட்கார்ந்துவிட்டார் என்று. அடுத்த இரண்டே வருஷத்தில் அந்த மந்திரிசபை செய்ததைப் பாருங்கள். தேவதாசியாகப் பொட்டுக் கட்டுவதைத் தடுக்கும் சட்டம் 1947. ஜமீன் நிலங்களில் குத்தகையைக் குறைக்கும் சட்டம் அதே வருஷம். ஜமீன்களையே ஒழித்து ரயத்துக்கு நேரடியாகப் பட்டா தரும் சட்டம் 1948. அதே வருஷம் அக்டோபர் 2 முதல் மாகாணம் முழுக்க மதுவிலக்கு. நம் தாலுகாவில் பெரும்பாலும் ஏற்கனவே ரயத்துவாரிதான், சர்க்காருக்கு நேராகத் தீர்வை கட்டுகிறவர்கள். அதனால் ஜமீன் ஒழிப்பு எங்கள் தாத்தாவுக்குச் செய்தி மட்டுமே. ஆனாலும் தினமும் திண்ணையில் அதைத்தான் பேசுவாராம்.

எங்கள் வீட்டைத் தொட்டது வேறொரு சட்டம். 1947 மே மாதம் வந்த ஆலயப் பிரவேசச் சட்டம். எல்லாக் கோயிலும் எல்லா இந்துக்களுக்கும் திறந்தது. மதுரை மீனாட்சி கோயிலில் 1939இலேயே வைத்தியநாத ஐயர் அழைத்துக்கொண்டு போனார், அது வேறு. இது சட்டம். எங்கள் ஊர்க் கோயிலுக்கும் சேர்த்து.

ஆயா இதை மல்லாட்டை உடைத்துக்கொண்டே சொல்வார். முறத்தில் காய், மடியில் பருப்பு. சர்க்கார் ஆட்களும் காங்கிரஸ்காரர்களும் ஊருக்கு வந்து, சேரியிலிருந்து ஜனங்களைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குள் போனார்கள். படியாளின் மகன் புது வேட்டி கட்டி வந்திருந்தாராம், இருபது வயசு. தாத்தா அன்றைக்கு முழுக்கக் களத்திலேயே உட்கார்ந்திருந்தார், சாப்பிட வரவில்லை. படத்தைக் கழற்றவில்லை. ஆனால் அதற்குப் பிறகு சாகிறவரை அந்தக் கோயிலுக்குள் அவர் போகவே இல்லை. ஓமந்தூராரைக் கும்பிட்டார், ஓமந்தூரார் திறந்த கதவு வழியாக மட்டும் போகமாட்டார்.

ஆயா போனார். போனதைப் பெருமையாகச் சொல்ல மாட்டார். "கோயில்ல பக்கத்துல பக்கத்துல நின்னுதான் கும்புட்டோம் பாப்பா. மறுநா வேலைக்கு வந்தான். தண்ணி கேட்டான். நான் கொட்டாங்குச்சியிலதான் ஊத்துனேன். கை தானாப் போயி கொட்டாங்குச்சிய எடுக்குது" என்பார். பிறகு கொஞ்ச நேரம் காய் உடைக்கிற சத்தம்தான் கேட்கும்.

ஓமந்தூரார் சிபாரிசுக்கு வளையாதவர். வேண்டியவர், வேண்டாதவர் பார்க்காமல் கறாராக இருந்ததில் சொந்தக் கட்சிக்காரர்களுக்கே அவர் மேல் மனக்கசப்பு. 1949 ஏப்ரலில் பதவி விலகினார். வள்ளலார் வழியில் ஈடுபாடு உள்ளவர், வடலூருக்குப் போய் சுத்த சன்மார்க்க நிலையம் ஆரம்பித்து ஏழைப் பிள்ளைகளின் படிப்பைப் பார்த்துக்கொண்டார். 1970 ஆகஸ்ட் 25 அன்று மறைந்தார். முதல்வராக இருந்தவர் அனாதைப் பிள்ளைகளுக்கு நடுவில் வாழ்ந்து முடிந்தார் என்பதை இந்தக் காலத்துப் பிள்ளைகள் நம்பமாட்டார்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். அவர் காலத்துச் சட்டங்களில் ஜமீன் ரயத்துக்குப் பட்டா கிடைத்தது. படியாளுக்குக் கிடைக்கவில்லை, அவர் கடனும் போகவில்லை. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வர 1976 ஆயிற்று. இதை ஓமந்தூராரின் குறை என்று மட்டும் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. கோயில் கதவைத் திறக்க ஒரு சர்க்கார் போதும். வலது பக்கத்துக் கணக்கை அடிக்க எங்கள் தாத்தா கையில் பேனா இருந்தது.

கடைசியில் அந்தக் கணக்கு எப்படித் தீர்ந்தது? 1951இல் படியாளின் மகனுக்கு விழுப்புரம் ரயில்வேயில் கூலி வேலை கிடைத்தது. சில மாதம் கழித்து ஒரு நாள் வந்து, துணியில் முடிந்துவைத்திருந்த 53 ரூபாயைத் திண்ணையில் வைத்தார். தாத்தா எண்ணி எடுத்துக்கொண்டார். நோட்டில் இருக்கிறது: "53 வரவு. தீர்ந்தது." சிவப்பு மை இல்லை.

அந்த ரயில்வேக்காரரின் மகன் இப்போது விழுப்புரத்தில்தான் இருக்கிறார், அவரும் ரயில்வேயில் ஓய்வுபெற்றவர். போன தீபாவளிக்கு முன்னால் தேடிப் போய்ப் பார்த்தேன். நோட்டைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். மன்னிப்பு என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தேன், என்னால் முடிக்க முடியவில்லை. அவர் அதைக் கண்டுகொள்ளவில்லை.

"எங்கப்பா சாகுற வரைக்கும் சொல்லுவாரு டீச்சரம்மா. பணத்தைக் குடுத்துட்டு ரசீது கேட்டாராம். ஒங்க தாத்தா, நான் சொன்னா போதாதான்னு கேட்டாராம். எழுதுனாரா இல்லியான்னே அப்பாவுக்குத் தெரியாது" என்றார்.

எழுதியிருக்கிறார் அண்ணே என்று அந்த வரியைக் காட்டினேன். அதை ஒரு நகல் எடுத்துத் தர முடியுமா என்று கேட்டார். ரயில் நிலையத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடைக்கு இரண்டு பேரும் நடந்தே போனோம். இடது பக்கமும் சேர்ந்தே விழுந்தது. வலது பாதியை மட்டும் எடுக்கட்டுமா என்று கடைக்காரப் பையன் கேட்டான். "வேணாம் தம்பி, ரெண்டும் இருக்கட்டும்" என்றார்.

பொருளாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். நோட்டு மேசை மேலேயே இருக்கிறது, சாப்பிட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்து பார்க்கலாம்.